மூன்றாம் வாரத்து எடைத்தேக்கமும் நம் மதிப்பெண் மனமும்



இப்பக்கத்தில் வழக்கமாக இலக்கணமும் வகுப்பறையும் பற்றியே எழுதிவருகின்றேன். இன்று சற்று விலகி, உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தொடக்க வாரங்களிலேயே நேரும் எடைத்தேக்கம் பற்றி எழுத விழைகின்றேன். நான் மருத்துவன் அல்லேன்; தமிழாசிரியன். எனினும், ஓர் எண்ணைக் கொண்டு ஒரு மனிதரையே மதிப்பிட்டுவிடும் பழக்கத்தை ஆண்டு முழுவதும் அருகிருந்து காண்பவன். அப்பழக்கமே இச்சிகிச்சை பெற்றவர்களையும் வாட்டுகிறது என்பதால் இதனைப் பேசத் துணிந்தேன்.

பேசப்படாத சிகிச்சை

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசியச் சுகாதாரக் கணக்காய்வில், வயதுவந்த இந்தியர்களுள் 17.2 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. சீனர்களிடையே அது 9.7 விழுக்காடு, மலாய்க்காரர்களிடையே 16.6 விழுக்காடு. நம் இனத்தவர்க்கு எடை சிறிது கூடினாலே நோய் விரைந்து வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2002ஆம் ஆண்டு இதே சிங்கப்பூரில் கூடி ஆராய்ந்ததன் விளைவாகத்தான், ஆசியர்களின் உடல் நிறைக் குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து மிகுதி என்னும் அளவுகோல் வந்தது. 2022இல் வெளிவந்த அனைத்துலக மருத்துவ வழிகாட்டுதலும், ஆசியர்க்கு 27.5 முதலே அறுவை சிகிச்சையைக் கருத்தில் கொள்ளலாம் எனக் கூறுகிறது. ஆகவே, இச்சிகிச்சை இனி நம் குடும்பங்களுக்கு அந்நியமானதாக இராது.

ஆனால், நம்மவர் இதனை வெளியே சொல்வதில்லை. 'குடலிறக்கத்துக்கு அறுவை செய்தார்கள்', 'பித்தப்பையில் கல் இருந்தது' என்று உறவினரிடம் காரணம் கூறுவோர் உளர். வாயைக் கட்ட இயலாமல் குறுக்குவழியை நாடினார் என்று ஊர் பேசும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். இவ்வாறு மறைத்து வைத்தவர், பின்னர் ஓர் இடர் வரும்போது அதனையும் தனியாகவே சுமக்க நேர்கிறது. அவ்விடர்களுள் முதலில் வருவதும் மிகுதியாக அஞ்சவைப்பதும் எடைத்தேக்கமாகும்.

அது இவ்வாறு நிகழும். முதல் பத்து நாள்களில் எடை மளமளவென இறங்கும். இரண்டாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையே, பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில், எடை இயந்திரம் ஒரே எண்ணைக் காட்டத் தொடங்கும். சில நாள்களில் அரைக் கிலோ ஏறவும் செய்யும். அவர் உண்பதோ ஒரு நாளைக்குச் சில கிண்ணம் கஞ்சித் தண்ணீரும் மசித்த பருப்புமே. 'இவ்வளவு குறைவாக உண்டும் எடை குறையவில்லையெனில், என் உடலே குறையுள்ளது. அறுவை சிகிச்சையும் எனக்குப் பயன்படவில்லை' என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். அம்முடிவு தவறானது என்பதைக் கணக்கைக் கொண்டே காட்டலாம்.

எடை ஏன் நின்றுவிடுகிறது?

இன்று மிகுதியாகச் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில், இரைப்பையின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அகற்றப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குறுகிய குழாய். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் இயக்குநீரைப் பெரிதும் சுரக்கும் பகுதி அகற்றப்பட்டதோடு சென்றுவிடுகிறது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை அமைத்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கின்றனர். எம்முறையாயினும் முதல் வாரங்களில் ஒருவர் உண்ணும் உணவு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 முதல் 800 கலோரிக்குள் அடங்கிவிடும்.

இத்தகைய பற்றாக்குறை வரும்போது உடல் முதலில் கொழுப்பைத் தொடுவதில்லை. கல்லீரலிலும் தசைகளிலும் 'கிளைகோஜன்' எனும் மாவுப்பொருளாகச் சேமித்துள்ள ஏறத்தாழ அரைக் கிலோ எரிபொருளையே முதலில் எடுக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் பிணைந்திருக்கும். ஆகவே, அரைக் கிலோ கிளைகோஜன் கரையும்போது ஒன்றரைக் கிலோ நீரும் சேர்ந்து வெளியேறும். முதல் நாள்களில் நாம் கண்டு மகிழும் வேகமான இறக்கத்தில் பெரும்பங்கு இந்நீரே ஆகும். மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றப்பட்ட திரவம் வெளியேறுவதும் அதனோடு சேர்ந்துகொள்ளும். ஒரு லிட்டர் திரவம் ஒரு கிலோ எடை.

பின்னர் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. இப்போது நம் உயர்நிலைப்பள்ளி மாணவர் போடும் கணக்கு ஒன்றைப் போடுவோம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. ஒருவர்க்கு நாள்தோறும் 1,200 கலோரி பற்றாக்குறை ஏற்படுவதாகக் கொள்வோம். ஏழு நாளுக்கு 8,400 கலோரி. அதாவது, வாரத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கொழுப்பு கரைகிறது. இது சிறந்த முன்னேற்றமே. ஆயினும், அதே வாரத்தில் உடல் ஒரு கிலோ நீரைத் தேக்கி வைத்துக்கொண்டால், இயந்திரத்தில் எண் ஏறத்தாழ அசையாமலே நிற்கும்.

நீரைத் தேக்குவதற்கு உடலுக்குக் காரணங்கள் பல. திரவ உணவிலிருந்து மசித்த உணவுக்கு மாறும்போது கிளைகோஜன் சிறிது மீளச் சேர்கிறது. நீரும் உடன் சேர்கிறது. உள்ளே ஆறிவரும் புண் நீரை ஈர்க்கிறது. சூப்பிலும் ரசத்திலும் உள்ள உப்பு நீரை நிறுத்துகிறது. மகளிர்க்கு மாதவிலக்கையொட்டி நீர் சேர்வது இயல்பு. இக்காலத்தில் பரவலாக நேரும் மலச்சிக்கலும் எடையில் தெரியும்.

கடும்பட்டினியில் உடல் நீரைப் பிடித்து வைக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பும் அன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 ஆடவர்க்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு அளித்து ஆராய்ந்தார். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். அவர்களுள் பலர்க்குக் கால்களில் நீர் கோத்து வீங்கியது. உண்மையில் இழந்த தசையும் கொழுப்பும் எடையில் முழுமையாகத் தெரியாதவாறு அந்நீர் மறைத்தது. அவர்களின் உடல், ஓய்வில் செலவிடும் ஆற்றலையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டது. பஞ்சத்தை எதிர்கொள்ளும் உடலின் இயல்பான தற்காப்பு இது. அறுவை சிகிச்சை நம் விருப்பப்படியே நடந்தது என்பது உடலுக்குத் தெரியாது. அது பஞ்சம் வந்ததாகவே நடந்துகொள்கிறது.

ஆக, மூன்றாம் வாரத் தேக்கம் எவருடைய மனவுறுதிக் குறைவையும் காட்டுவதன்று. பெரும்பாலோர்க்கு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் அது தானே விலகி எடை மீண்டும் இறங்கத் தொடங்கும்.

அச்சம் செய்யும் கேடு

தானே விலகுவதெனில் இதனைப் பற்றி இவ்வளவு எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். தேக்கத்தால் கேடில்லை, தேக்கத்தைக் கண்டு அஞ்சியவர் செய்யும் செயல்களால்தான் கேடு. அவற்றுள் மூன்றை மட்டும் சுட்டுகின்றேன்.

முதலாவது, உணவை மேலும் குறைப்பது. இக்காலத்தில் பொதுவாக நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்று உணவியல் வல்லுநர் கூறுகின்றனர். நம் வீட்டு உணவில் அதனை எட்டுவதே கடினம். ஓர் இட்லியில் ஏறத்தாழ இரண்டு கிராம் புரதமே உண்டு. ஒரு முட்டையில் ஆறு கிராம். நூறு கிராம் தயிரில் மூன்றரை கிராம். நீர்த்த சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். இவற்றையும் ஒருவர் குறைத்தால், உடல் தன் தசையையே கரைத்து உண்ணும். தசை குறைந்தால் உடல் செலவிடும் ஆற்றலும் குறையும். பின்னர் எடை குறைவது இன்னும் கடினமாகும். எந்தத் தேக்கத்தை நீக்கப் பட்டினி கிடந்தாரோ, அதனையே அவர் நிலைபெறச் செய்கிறார்.

இரண்டாவது, 'இனி என்ன இருக்கிறது' என்று மனம் தளர்ந்து மென்மையான தின்பண்டங்களுக்குத் திரும்புவது. சிறுத்த இரைப்பை ஒரு கோழித்துண்டைத் தடுத்து நிறுத்தும். ஆனால் பனிக்கூழையும் சர்க்கரைப் பாலையும் வாயில் நொறுங்கிக் கரையும் முறுக்கையும் தடுக்காது. அவை நழுவி இறங்கிவிடும். கெட்டிப்பால் ஊற்றிய ஒரு குவளைத் தேநீர் வயிற்றில் இடத்தையே பிடிக்காமல் கலோரியைச் சேர்த்துவிடும்.

மூன்றாவதே மிகக் கொடியது. நாணத்தால் மருத்துவரையும் உணவியல் வல்லுநரையும் காணச் செல்லாதிருப்பது. 'எடை குறையவில்லை, எந்த முகத்தோடு செல்வது' என்று மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுபவர் உண்டு. இச்சிகிச்சை செய்துகொண்டவர்க்கு பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றின் அளவை வாழ்நாள் முழுதும் கண்காணிக்க வேண்டும். ஓயாது வாந்தி எடுப்பவர்க்கு பி1 சத்துக் குறைந்து மூளையே பாதிக்கப்படக்கூடும். எடை இயந்திரத்தின் எண்ணுக்கு நாணி மருத்துவரைத் தவிர்ப்பது, தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காகப் பள்ளிக்கே வராமல் நின்றுவிடும் மாணவனின் செயலை ஒத்தது.

இந்நாணத்தை நமக்குக் கற்பித்தது எது?

இங்குதான் ஆசிரியனாக நான் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. எடை என்பது ஒரு மதிப்பெண் என்னும் எண்ணத்தை இந்நாட்டில் ஒரு தலைமுறைக்குப் பள்ளியே ஊட்டியது.

1992ஆம் ஆண்டு நம் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. சுருக்கமாக 'டாஃப்' என்பர். எடை மிகுந்த மாணவர்கள் கூடுதல் உடற்பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர்; பல பள்ளிகளில் அது இடைவேளை நேரத்திலேயே நடந்தது. ஏனைய பிள்ளைகள் உணவருந்திக்கொண்டிருக்க, இவர்கள் திடலில் ஓடுவதைப் பள்ளி முழுவதும் பார்த்தது. 'டாஃப்' என்னும் சொல்லின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் 'ஃபேட்' என்று வரும். பிள்ளைகள் அதனைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகவில்லை. எடை மிகுந்த மாணவரின் விழுக்காட்டை வைத்துப் பள்ளிகளும் மதிப்பிடப்பட்டன.

திட்டத்தின் நோக்கம் நன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. எடை மிகுந்த மாணவரின் விழுக்காடு குறைந்ததும் உண்மையே. எனினும், கேலியும் ஒதுக்கலும் பற்றிய குறைகூறல்கள் எழுந்தன. 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்களின் உடல், மன, சமூக நலத்தையும் நோக்கும் பரந்த திட்டம் அதனிடத்தில் வந்தது. கல்வி அமைச்சு அம்மாற்றத்தைச் செய்தது பாராட்டத்தக்கது.

ஆயின், திட்டம் முடிந்தாலும் அதில் ஓடிய பிள்ளைகள் இன்று முப்பதையும் நாற்பதையும் கடந்த பெரியவர்கள். இப்போது எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையை நாடும் வயதினர் அவர்களே. இயந்திரத்தில் ஏறி நிற்கும்போது, தம் எண்ணை யாரோ உரக்கப் படிக்கப்போகிறார் என்னும் நடுக்கம் அவர்களுள் சிலர்க்கு இன்றும் இருப்பின் வியப்பதற்கில்லை. மூன்றாம் வாரத்தில் எண் அசையாமல் நிற்கும்போது அவர்கள் அதனை ஓர் உடலியல் நிகழ்வாகக் காண்பதில்லை. தோல்விச் சான்றிதழாகவே காண்கின்றனர்.

மொழி கற்பிப்போர்க்கு இத்தகைய தேக்கம் புதிதன்று. ஆங்கிலம் மட்டுமே ஒலிக்கும் வீட்டிலிருந்து வரும் தொடக்கநிலை ஒன்று மாணவன், பல வாரங்கள் வகுப்பில் வாய் திறப்பதில்லை. செவி மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு நாள் முழு வாக்கியமாகப் பேசுவான். இடைப்பட்ட வாரங்களில் ஒவ்வொரு நாளும் தேர்வு வைத்துச் சுழியம் போட்டிருந்தால், அவன் பேசியே இருக்க மாட்டான்.

செய்யத்தக்கவை

மருத்துவர் கூறுவதே முடிவு என்பதை முதலில் நினைவூட்டி, பொதுவாகப் பயன்தரும் சிலவற்றைக் கூறுகின்றேன்.

1. வாரத்துக்கு ஒரு முறை மட்டும், அதே கிழமையில், காலையில், ஒரே வகை உடையோடு எடை பாருங்கள். நாள்தோறும் பார்ப்பது நீரின் ஏற்றத்தாழ்வைப் பார்ப்பதேயாகும்.

2. மாதம் இருமுறை இடுப்பையும் மார்பையும் தொடையையும் அளவுநாடாவால் அளந்து குறித்துவையுங்கள். எடை நின்ற வாரங்களிலும் இடுப்பளவு குறைவது உண்டு. இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், மருந்தின் அளவு ஆகியவற்றையும் அதே ஏட்டில் எழுதுங்கள். சர்க்கரைக்கான மருந்தை மருத்துவர் பாதியாகக் குறைத்திருந்தால், அதுவே எடையினும் பெரிய செய்தி.

3. புரதத்தை முதலில் உண்ணுங்கள். மென்மையான திட உணவுக்கு அனுமதி கிடைத்தபின், தேக்கா ஈரச்சந்தையில் கிடைக்கும் மீனும் தௌக்வாவும் டெம்பேயும் நமக்கு நல்ல துணை. நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், டெம்பேயில் அதனையொட்டிய அளவு புரதம் உண்டு. புரட்டாசியில் புலால் மறுப்போர் இவ்விரு சோயா உணவுகளையும் சிறப்பாகக் கருதலாம். ஆனால் முழுநாள் நோன்பை மருத்துவரைக் கேளாமல் ஏற்க வேண்டா.

4. நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீரைச் சிறிது சிறிதாக அருந்துங்கள். உணவோடு சேர்த்து அருந்த வேண்டா. உண்டு அரை மணி நேரம் கழியட்டும். தேநீருக்கு அனுமதி கிடைத்தால், உணவங்காடிக் கடையில் 'தே ஓ கொசோங்' எனக் கேளுங்கள். பாலும் சர்க்கரையும் இராது.

5. நடங்கள். மாலையில் ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கிச் சிராங்கூன் சாலை வழியே லிட்டில் இந்தியா நிலையம் வரை செல்லும் நடையே தொடக்கத்துக்குப் போதும். மருத்துவர் இசைந்தபின் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. நான்கு வாரங்களுக்கு மேலும் எடையோ இடுப்பளவோ அசையவில்லையெனில், உண்பவற்றை ஒரு வாரம் ஒளிவின்றி எழுதி உணவியல் வல்லுநரிடம் காட்டுங்கள். காய்ச்சல், கடும் வயிற்றுவலி, நீர்கூட இறங்காத வாந்தி, மூச்சுத்திணறல், படபடப்பு, கெண்டைக்கால் வீக்கம் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவை எடைத்தேக்கத்தைச் சேர்ந்தவை அல்ல.

வாரங்களால் அளக்கலாகாது

ஸ்வீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய ஒரு பெரும் ஆய்வு, அறுவை சிகிச்சை பெற்ற ஈராயிரவர்க்கு மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. அவர்களின் எடை முதல் ஓரிரு ஆண்டுகளில் மிகத் தாழ்ந்து, பிறகு சிறிது ஏறி, அதன்பின் நிலைபெற்றது. பத்தாண்டுகளுக்குப் பின்னும் 'பைபாஸ்' செய்துகொண்டோர் தம் தொடக்க எடையில் ஏறத்தாழ 25 விழுக்காட்டை இழந்த நிலையிலேயே இருந்தனர். சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவினரைவிட இவர்களிடையே இறப்பும் குறைவு என்பது 2007இல் வெளியிடப்பட்டது. பத்தாண்டு நீளும் அந்த வரைபடத்தில் மூன்றாம் வாரம் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது.

உறவினர்க்கு ஒரு வேண்டுகோள்

தீபாவளிக்கு வீடு தேடி வருபவரும், கோயில் வாசலில் எதிர்ப்படுபவரும் 'எத்தனை கிலோ குறைந்தது?' என்று முதல் கேள்வியாகக் கேட்கின்றனர். அன்பினால்தான் கேட்கின்றனர். ஆனால், எண் நின்றிருக்கும் வாரத்தில் அக்கேள்வி திடலில் ஓடவிட்ட பழைய இடைவேளையை மீண்டும் கொண்டுவந்துவிடுகிறது. அடுத்த நொடியே, 'இவ்வளவுதானா சாப்பிடுகிறீர்கள், இன்னும் ஒரு வடை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று தட்டை நீட்டுவதும் நாமே.

இரண்டையும் விடுவோம். 'படி ஏற இயல்கிறதா? இரவில் நன்றாக உறங்குகிறீர்களா? மருத்துவரைப் பார்க்கத் துணைக்கு வரட்டுமா?' என்று கேட்போம். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் பெரிதும் பேசுவது அறிந்து, அளவோடு உண்பதைப் பற்றியே. உண்பவர்க்கு அளவு வேண்டும் என்று கூறும் நாம், கேட்பவர்க்கும் அளவு வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்வோமாக.

அறுவை சிகிச்சை செய்துகொண்டு இவ்வாரம் எடை அசையாமல் மனம் வருந்தியிருக்கும் அன்பர் எவரேனும் இதனைப் படித்தால், அவரிடம் நான் வேண்டுவது ஒன்றே. அடுத்த மறுபரிசோதனைக்குக் குறித்த நாளில் தவறாமல் செல்லுங்கள். எண் எதுவாயினும் செல்லுங்கள்.